பொதுக் கேசட்: ஒரு பழைய டெக்கைச் சரிசெய்ததும் அதில் கேட்ட அரசியலும்

பிளே பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, ஸ்பிண்டில் அசையவில்லை. பழைய கேசட் டெக்கில் இது பெல்ட் போனதற்கான அடையாளம். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் டெக்குகளில் சிலவகை ரப்பர் இப்படி இளகிப் பிசினாகிவிடும். கையில் பட்டால் சோப்புக்கு எளிதில் போகாது, அதனால் கையுறை போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

டெக்கைச் சரிசெய்யக் காரணம் ஒரு தகரப் பெட்டி. என் சித்தப்பா மைக் செட் தொழில் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள் போகும். எண்பதுகளிலிருந்து அவர் சேர்த்த கேசட்டுகள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. கட்சிக் கூட்டங்களுக்கென்று தனி வரிசை. உறையின் முதுகில் மையால் நிறம் வைத்திருக்கிறார்: கறுப்பு சிவப்பு ஒன்று, நடுவே வெள்ளை வைத்த கறுப்பு சிவப்பு ஒன்று, மூவர்ணம், தனிச் சிவப்பு. நிறமே இல்லாமல் ‘பொது’ என்று மட்டும் எழுதிய சில கேசட்டுகளும் உண்டு. எந்தக் கட்சி கூப்பிட்டாலும், பேச்சாளர் வந்து சேரும்வரை போடுவதற்கானவை அவை. எனக்கு முக்கியமாகக் கேட்க வேண்டியிருந்தது அந்தப் பொதுக் கேசட்டுகள்தான்.

முதலில் பெல்ட். பிசினை எடுக்க 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், நிறைய பஞ்சுக் குச்சி. மோட்டார் புல்லி, ஃப்ளைவீல், இடையில் வரும் சிறிய சக்கரங்கள் எல்லாவற்றிலும் துளி கறுப்பு இல்லாமல் துடைக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் புதுப் பெல்ட் அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி விலகும், பாட்டில் குரல் நடுங்கும். பழைய பெல்ட்டின் அளவு தெரியாததால், அது ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுத்தேன். அந்த நீளத்தைவிட ஐந்து சதவீதம் அளவுக்குச் சிறிய பெல்ட் போட்டால் இழுவை சரியாக இருக்கும். அதற்கு மேல் இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் பேரிங் தேயும். டேப்பை இழுத்து ஓட்டும் உலோகத் தண்டுதான் கேப்ஸ்டன், அதைச் சுற்றும் பெல்ட் தட்டையானது, மற்றது சதுர வெட்டு. இரண்டையும் மாற்றிப் போட முடியாது.

அடுத்து பிஞ்ச் ரோலர். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் இந்த ரப்பர் உருளை பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பளபளப்பு வந்துவிட்டால் பிடிமானம் போய்விடும். டேப் வழுக்கும், அப்புறம் உள்ளே சுருண்டு சிக்கும். மிக மெல்லிய உப்புத்தாளால் மேல்தோலை லேசாக எடுத்துத் துடைத்தேன். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் பழுப்பாகப் படிந்திருந்தது, இதுவரை ஓடிய டேப்புகள் உதிர்த்த இரும்பு ஆக்சைடு. அதையும் ஆல்கஹாலால் எடுத்தாயிற்று. ரப்பரில் மட்டும் ஆல்கஹாலை அதிகம் தடவ வேண்டாம், உலர்ந்து வெடிக்கும்.

இனி வருவது அசிமத். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். ஹெட்டின் இடைவெளி டேப்புக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும், அந்த ஸ்க்ரூ அதற்குத்தான். கடையில் வாங்கிய கம்பெனிக் கேசட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிந்த கேசட்டுகள் அப்படி இல்லை, ஒவ்வொரு கடையின் டெக்கும் ஒவ்வொரு கோணத்தில் பதிந்திருக்கிறது. சித்தப்பாவின் பெட்டியில் முக்கால்வாசி அந்த வகை. அதனால் கேசட் மாறும்போதெல்லாம் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாகக் கேட்டபடி ஸ்க்ரூவை மெல்லத் திருப்ப வேண்டும். ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் பளிச்சென்று எழும் இடம்தான் சரியான இடம். இந்த ஒரு வேலையை மட்டும் செய்யாமல் விட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலத்தான் கேட்கும்.

வேகத்தைச் சரிபார்த்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். டெக்கின் வேகத்தைச் சோதனைக் கேசட்டில் இருக்கும் 3000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் பதிந்த டெக் தப்பான வேகத்தில் ஓடியிருந்தால்? இதற்குக் கூட்டங்களில் நேரடியாகப் பதிந்த கேசட்டுகளிலேயே விடை இருந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயரில் எப்போதும் இருக்கும் ‘ம்ம்ம்’ என்ற முனகல் அந்த மின்சாரத்திலிருந்து வருவது, பேச்சோடு அதுவும் டேப்பில் பதிந்திருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் அதிர்வெண் வரைபடம் போட்டுப் பார்த்தால் முனகல் 52 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வையுங்கள், கேசட் ஏறத்தாழ நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிட்டது. நம் டெக்கின் சொந்த முனகலோடு குழம்பாமல் இருக்க, கேசட் இல்லாமல் ஒரு முறை பதிந்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இப்படி வேகத்தைத் திருத்தியதும், அந்தக் காலப் பேச்சாளர்களின் குரல் திடீரென்று கனத்து அவரவர் வயதுக்கு வந்து நின்றது. ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்ற சித்தப்பாவின் குரலும் அப்படித்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

கேசட்டுகளின் உடல்நிலை பற்றிச் சுருக்கமாக. ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு பலவற்றில் விழுந்துவிட்டது. உதவாத வேறு கேசட்டைப் பிரித்து அதிலிருந்து எடுத்து வைத்தேன். அறுந்த டேப்பை ஒட்ட அதற்கென்றே 3.8 மில்லிமீட்டர் அகலத்தில் வரும் ஒட்டுப்பட்டைதான் வேண்டும். சாதா செலோடேப் போட்டால் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிவிடும். முனைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் எதிரெதிரே வைத்து, ஹெட்டில் படாத பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்தால் கால் வினாடிக்கும் குறைவாகவே பாட்டு போகும், பயப்பட வேண்டாம். வெள்ளைப் பூஞ்சை பிடித்தவற்றை நல்ல டெக்கில் போடவே கூடாது, ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்கு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. 90 நிமிடக் கேசட் ஒன்றரை ஜி.பி. வரும். இன்றைக்கு அது பெரிய இடமில்லை. இரைச்சல் நீக்கும் வசதியை நான் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறேன். அதை அதிகம் வைத்தால் குரலின் ஓரங்கள் கரைந்து தண்ணீருக்குள் பாடுவது போலாகிவிடும். மூலக் கோப்பை எதுவும் செய்யாமல் தனியாக வைத்திருக்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

45 நிமிடப் பக்கம் என்றால் 45 நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும். நடுவில் டேப் சிக்கினால் உடனே நிறுத்த ஆள் வேண்டுமே. அந்த நேரத்தில் ஒரு நோட்டில் பாட்டு, குரல், தொடங்கும் நிமிடம், குறைகள் என்று கட்டம் போட்டு எழுதினேன். கேட்கக் கேட்க இன்னொரு கட்டமும் தேவைப்பட்டது: யார், யாரிடம் பேசுகிறார்? அந்தக் கட்டம்தான் எனக்கு இந்தப் பாட்டுகளைப் புதிதாகக் காட்டியது.

பொதுக் கேசட்டுகளில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுகள் நிறைய. 1959இல் 29 வயதில் இறந்துபோன கவிஞர். ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் ‘தூங்காதே தம்பி தூங்காதே’யும் ‘அரசிளங்குமரி’யின் (1961) ‘சின்னப்பயலே’வும் ஒவ்வொரு பொதுக் கேசட்டிலும் உண்டு. இரண்டுமே டி.எம். சௌந்தரராஜன் குரல். இரண்டுமே எம்.ஜி.ஆர். நடித்த படங்கள், அப்படியிருந்தும் சித்தப்பா அவற்றை அவர் கட்சியின் நிறத்தில் வைக்கவில்லை, பொதுவில் வைத்திருக்கிறார். ஏன் என்று யோசித்தால், குழாயில் முகம் தெரியாது. தெருவில் போகிறவனுக்கு வெறும் குரல்தான் வந்து சேர்கிறது. அந்தக் குரல் ஒரு தம்பியிடம், ஒரு சிறுவனிடம் பேசுகிறது. விழித்துக்கொள், யோசி, நாளை உன் பொறுப்பு என்கிறது. கேட்கிற ஆள்தான் அங்கே கதாநாயகன். கம்யூனிஸ்ட் கூட்டத்துக்குப் போனவரும் காங்கிரஸ் கூட்டத்துக்குப் போனவரும் அதைத் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியும். என் கட்டத்தில் இந்தப் பாட்டுகளுக்கு நேராக எழுதியது: ‘மூத்தவர், நம்மிடம்.’

குழாயின் தொழில்நுட்பமும் இதற்குத் துணை. கூம்புக் குழாய் அடிநாதத்தை விழுங்கிவிட்டு மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதியைத் தூர வீசும். தபேலாவும் பேஸும் காணாமல் போகும், சொல் மட்டும் வயல் தாண்டிப் போகும். டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனீபா போன்று சொல்லை உடைத்து உச்சரிக்கும் கனத்த குரல்கள் அந்தக் குழாய்களில் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கறுப்பு சிவப்புக் கேசட் முழுக்க ஹனீபா. ‘அழைக்கின்றார் அண்ணா’வும் ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’னும் அதில் இருக்கின்றன. தலைவர் பெயர் இருக்கிறது, சின்னம் இருக்கிறது. ஆனாலும் அழைக்கப்படுவது நாம்தான். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று ஒரு கட்சி அளவு சொல்லி வாக்குக் கேட்ட காலம் அது. அளவு சொன்னால் நாளை கேள்வி கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள்.

ஒரு சொல்லுக்கே அப்போது எவ்வளவு எடை இருந்தது என்பதற்கு ‘அன்பே வா’ (1966) படத்தின் ‘புதிய வானம் புதிய பூமி’ ஓர் எடுத்துக்காட்டு. வாலி எழுதிய பாட்டில் உதயசூரியன் என்று வந்த இடம், தணிக்கைக்குப் பிறகு படத்தில் புதிய சூரியன் ஆகிவிட்டது. எழுதுகிறவர், தணிக்கை செய்கிறவர், கேட்கிறவர் மூவருமே அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அறிந்திருந்தார்கள்.

இதற்கு ஒரு வருடம் முந்தைய ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) ‘நான் ஆணையிட்டால்’ வந்துவிட்டது. அதுவும் வாலி, அதே டி.எம்.எஸ். நடுவே வெள்ளை வைத்த கேசட்டில் முதல் பாட்டு அதுதான். சின்ன வயதில் எனக்கு உடம்பு சிலிர்க்கும், இப்போதும் சிலிர்க்கிறது. ஆனால் கட்டத்தில் எழுத உட்கார்ந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. பேசுவது ‘நான்.’ செய்யப்போவதும் அந்த ‘நான்.’ நம் வேலை நம்பிக் காத்திருப்பது. பட்டுக்கோட்டைக்குப் பின் சில வருடங்களிலேயே பாட்டின் முகம் நம்மிடமிருந்து தலைவர் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. பெட்டியில் தொண்ணூறுகளின் கேசட்டுகளுக்கு வரும்போது எல்லா நிறத்திலும் பாட்டு தலைவரைப் பார்த்துத்தான் பாடப்படுகிறது. நாம் பக்கத்தில் நின்று கைதட்டுகிறோம். இன்றைய கட்சிப் பாட்டுகளையும் அதே கட்டத்தில் எழுதிப் பார்த்தேன். ‘தொண்டர், தலைவரிடம்’ என்றே வரிசையாக வருகிறது. எந்த ஒரு கட்சியையும் தனியாகக் குறை சொல்லவில்லை, பழைய கட்சி புதிய கட்சி எல்லாவற்றிலும் இதே நிலைதான். அதோடு, பாட்டு இப்போது காணொளியாகவே பிறக்கிறது. முகம் இல்லாத குரலாக யாருக்கும் வந்து சேர்வதில்லை. பொதுக் கேசட்டில் வைக்கத் தக்க ஒன்றை அவற்றில் தேடினேன், கிடைக்கவில்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. தனிச் சிவப்புக் கேசட்டில் இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ இருக்கிறது. அதில் பேசுவது ‘நாங்க.’ தாங்களும் மனிதர்களே என்று, அதை மறுக்கிறவர்களின் முகத்துக்கு நேரே சொல்கிறது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மாநிலம் இது. பொதுக் கேசட்டின் இனிமையான அறிவுரைப் பாட்டுகள் பேசாத ஒன்றை இது பேசுகிறது. சித்தப்பா இதைப் பொதுவில் வைக்கவில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது, வைக்க முடியாத ஊர்தானே அது. அந்த ‘நாங்க’ இன்றும் இருக்கிறது, கட்சி மேடைக்கு வெளியே. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பாடகர்கள் கானாவையும் ராப்பையும் கலந்து பாடுவதைக் கேட்டால் குணசேகரனின் பேரப்பிள்ளைகள் என்றே தோன்றும். 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் 124ஏ என்ற தேசத்துரோகப் பிரிவில் கைதானார். அந்தப் பாட்டுக்கு என் கட்டத்தில் எழுதுவது: ‘மக்கள், அரசிடம்.’ ஆள்பவரைப் பார்த்து ஏவல் வினையில் பாடினால் சிறை வரை போகிறது என்றால், பாட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது.

மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருக்கும் காரணத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டுத் திரையில் பேசின. அடுத்த மாதமே ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலையும் அவர் கட்சி அப்படி உருவாக்கி வெளியிட்டது. இறந்தவர் இன்றைய தலைவருக்காகப் பேசுகிறார். இது எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைப்பது, அவரை நேசித்தவர்களை ஏமாற்றுவது. அந்த வருடம் மே மாதம் தேர்தல் ஆணையம், போலியாகப் புனைந்தவற்றைத் தெரியவந்த 3 மணி நேரத்துக்குள் நீக்கும்படி கட்சிகளுக்குச் சொன்னது. நல்லதுதான், ஆனால் எது உண்மையான குரல் என்று ஒப்பிட உண்மையான பதிவு எங்காவது இருக்க வேண்டுமே. இருமல், மைக் அலறல், கூட்டத்தில் அழும் குழந்தை, 50 ஹெர்ட்ஸ் முனகல் எல்லாம் சேர்ந்த பதிவு. அதனால் ஒவ்வொரு மூலக் கோப்போடும் கேசட்டின் இரண்டு பக்கப் படம், உறையில் எழுதியது, டெக்கின் விவரம், எவ்வளவு வேகம் திருத்தினேன் என்பது எல்லாவற்றையும் ஒரு எழுத்துக் கோப்பில் சேர்த்து வைக்கிறேன்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது: தொகுதிப் பங்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும். மக்களவைத் தொகுதிகள் 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டவை. தமிழ்நாட்டுக்கு 39. 1976இல் உறையவைத்த இந்தப் பங்கீட்டை 2001இல் வந்த அரசியலமைப்பின் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே குரல் குறைந்துபோகலாமா என்பது சின்ன விஷயமில்லை. இதைப் பற்றி அறிக்கைகள் வருகின்றன, விவாதங்கள் ஓடுகின்றன. ஒரு மூன்று நிமிடப் பாட்டு என் காதில் விழவில்லை. அரிசி விலையைப் பற்றியும் உழைப்பவன் கூலியைப் பற்றியும் எளிய சொல்லில் மெட்டுக்குள் வைத்துக் காட்டிய மொழி இது. டீக்கடையில் நிற்பவர் முணுமுணுத்துக்கொண்டே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ஒருவர் இதை எழுத வேண்டும், எந்தத் தலைவர் பெயரும் இல்லாமல்.

செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. பூஞ்சை பிடித்தவற்றுக்குத் தனியாக ஒரு மலிவான டெக் தேடுகிறேன், அவை எல்லாம் முடிந்தபின் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி இருந்தால் வரிசை மட்டும் சொல்கிறேன்: கூட்டங்களில் நேரடியாகப் பதிந்தவை முதலில், உள்ளூர்ப் பாடகர்கள் பாடியவை அடுத்து. சினிமாப் பாட்டுகள் கடைசியில் போதும், அவை எங்காவது நல்ல பதிவாகக் கிடைக்கும். உங்கள் ஊர் மேடையில் யாரோ ஒருவர் கேட்ட கேள்வி உங்கள் கேசட்டில் மட்டும்தான் இருக்கும். தொடங்கும் முன் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழையது அழியாது.